சிஸ்டர் பதில்கள்: வயித்தால போகுது, என்ன பண்றது?

இந்த மாசம் வந்த கேள்வியில முக்காவாசி வயித்தைப் பத்திதான். சித்திரை வைகாசி வந்தாலே இப்படித்தான், மாம்பழம், கல்யாணப் பந்தி, திருவிழா தண்ணிப்பந்தல், லாரித் தண்ணி எல்லாம் ஒண்ணா சேரும். அதனால இந்த தடவை வேற எதையும் எடுக்கல, முழுசா பேதிதான். மூஞ்சிய சுளிக்காம படிங்க. முப்பது வருஷத்துக்கு மேல ஆரம்ப சுகாதார நிலையத்துல நர்ஸா இருந்தவளுக்கு இதைப் பேச வெக்கம் ஏது.

கேள்வி: சிஸ்டர், என் பையனுக்கு ஒண்ணரை வயசு. நேத்து மத்தியானத்துல இருந்து எட்டு தடவை தண்ணியா போயிட்டான், ரெண்டு தடவை வாந்தி. எங்க அத்தை பல்லு முளைக்குது அதான்னு சொல்றாங்க. பாலும் குடுக்காத தண்ணியும் குடுக்காத, குடுக்க குடுக்க போயிட்டேதான் இருக்கும்ங்கிறாங்க. ஜாதிக்காய் உரசி நாக்குல தடவவா, குடல் தட்டுற பாட்டிகிட்ட கூட்டிட்டு போகவா?
(இளம் அம்மா, தேனி பக்கம்)

பதில்: கண்ணு, உனக்கு அன்னைக்கே போன்ல சொல்லியாச்சு, பையன் இப்ப ஓடி விளையாடுறான்னு கேட்டு சந்தோஷம். மத்தவங்களுக்காக இங்க எழுதுறேன்.

முதல்ல அத்தையோட சண்டை போடாத. அவங்க சொல்றது கெட்ட எண்ணத்துல இல்ல, நான் டியூட்டில சேர்ந்த காலத்துல ஊரே அப்படித்தான் சொல்லும். குடிச்சா போகுது, அதனால குடிக்கக் கூடாதுன்னு. ஆனா குடத்துல ஓட்டை விழுந்தா மேல ஊத்துறத நிறுத்திட்டா ஓட்டை அடைஞ்சிருமா? குடம் காலியாகும், அவ்ளோதான். நம்ம குடலுக்குள்ள ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது லிட்டர் தண்ணி போகுது, அதுல நாம குடிக்கிறது ரெண்டு லிட்டர்தான், மிச்சமெல்லாம் எச்சில், பித்தம், வயிறும் குடலும் சுரக்கிற நீர். ஆரோக்கியமா இருக்கிற பெரிய ஆளுக்கு அதுல கிட்டத்தட்ட எல்லாத்தையும் குடல் திருப்பி உறிஞ்சிக்கிட்டு நூறு இருநூறு மில்லியத்தான் வெளிய விடும். கிருமி வந்து குடல் சுவரைக் கெடுத்துட்டா இந்த உறிஞ்சுற வேலை கெட்டுப் போகுது, சில கிருமி இன்னும் மோசம், ரத்தத்துல இருக்கிற உப்பையும் தண்ணியையும் குடலுக்குள்ள கொட்ட வைக்கும். அதனால நீ பையனுக்கு ஒண்ணுமே குடுக்கலன்னாலும் போறது போயிட்டேதான் இருக்கும், அது அவன் உடம்புத் தண்ணி. பேதி பிள்ளைய எடுக்கிறதே இப்படித்தான், வெளிய போற மலத்தால இல்ல, கூடவே போற தண்ணியாலயும் உப்பாலயும். இன்னைக்கும் உலகத்துல வருஷத்துக்கு நாலு லட்சத்துக்கு மேல பிள்ளைங்க, அஞ்சு வயசுக்குள்ளயே, இதுல போகுதுன்னு உலக சுகாதார நிறுவனம் கணக்கு சொல்லுது.

அப்ப என்ன குடுக்கிறது. ஓஆர்எஸ், அதாவது உப்பும் குளுக்கோஸும் அளவா கலந்த பவுடரைத் தண்ணியில கரைச்சது. ஒவ்வொரு தடவை தண்ணியா போன பின்னாடியும் ரெண்டு வயசுக்கு கீழ இருந்தா 50ல இருந்து 100 மில்லி, அதாவது கால் டம்ளர் அரை டம்ளர். ரெண்டுக்கு மேல பத்து வயசு வரைக்கும் 100ல இருந்து 200. பெரியவங்களுக்கு எவ்ளோ வேணுமோ அவ்ளோ. வாந்தி எடுத்துட்டான்னா பயந்து நிறுத்தாத, பத்து நிமிஷம் விடு, அப்புறம் ஸ்பூன்ல கொஞ்சம் கொஞ்சமா ஆரம்பி. பாட்டில்ல ஊத்தி வாயில வச்சா மடக் மடக்னு குடிச்சு அப்படியே கக்கிருவான். தாய்ப்பால் குடுக்கிறதா இருந்தா நிறுத்தவே நிறுத்தாத, வழக்கத்தை விட அதிகமா குடு. சாப்பாடும் குடு, இட்லி, குழைஞ்ச சாதத்துல தயிர், பருப்புத் தண்ணி, வாழைப்பழம். பட்டினி போட்ட குடல் ஆற லேட் ஆகும்.

ஒரு தடவை ஒரு பாட்டி பேரனைத் தூக்கிட்டு வந்துச்சு, ஒன்பது கிலோ இருப்பான், கண்ணு ரெண்டும் உள்ள போயி, அழுறான் ஆனா கண்ணுல தண்ணி இல்ல, வயித்துத் தோலைக் கிள்ளி விட்டா மடிப்பு மெதுவாத்தான் இறங்குது. டாக்டர் பாத்துட்டு கிலோவுக்கு 75 மில்லி, நாலு மணி நேரத்துல 675 மில்லி உள்ள போகணும்னு சொல்லிட்டாரு. பாட்டி கையில ஒரு எவர்சில்வர் டம்ளரும் ஸ்பூனும் குடுத்து ஓஆர்எஸ் குடுக்கிறதுக்குன்னே ஒதுக்கி வச்ச ஓஆர்டி கார்னர்ல உக்கார வச்சேன். அந்தம்மா நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன்னு கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே குடுத்துச்சு, நடுவுல ரெண்டு தடவை கக்கினான், பத்து நிமிஷம் விட்டு மறுபடி ஆரம்பிச்சுச்சு, அவன் தானா வாயை ஆன்னு திறக்க ஆரம்பிச்சதும் கொஞ்சம் வேகமா. மூணாவது மணி நேரத்துல நான் பையனை வாங்கி இடுப்புல வச்சேன், அப்படியே என் சேலையில ஒண்ணுக்கு போயிட்டான். வார்டே கை தட்டுச்சு. சிறுநீர் வந்துருச்சுன்னா உடம்புல தண்ணி ஏறிருச்சுன்னு அர்த்தம், அன்னைக்கு ஊசியும் இல்ல, பாட்டிலும் ஏத்தல.

பல்லு விஷயம். பல்லு முளைக்கிறதுக்கும் பேதிக்கும் சம்பந்தமே கிடையாது, ஆனா ரெண்டும் ஒரே வயசுல வருது. அந்த வயசுலதான் பிள்ளை தவழும், ஈறு அரிக்கும், செருப்பு, சாவி, தரையில கிடக்கிற முறுக்குத் துண்டு எல்லாம் வாய்க்குள்ள போகும். பழி பல்லு மேல.

ஜாதிக்காய், வசம்பு எல்லாம் உரசுற உரை மருந்து வேணவே வேணாம். ஜாதிக்காய் கொஞ்சம் கூடினாலும் பிள்ளைக்கு மயக்கம் மாதிரி தூக்கம் வரும், தூங்குற பிள்ளை குடிக்காது, வீட்ல எல்லாரும் ஆஹா கேட்டுருச்சுன்னு நினைப்பீங்க. குடல் தட்டுறது, தொக்கம் எடுக்கிறதும் அப்படித்தான், அங்க போயி வரிசையில நிக்கிற அந்த ரெண்டு மணி நேரந்தான் ஆபத்து.

கூடவே ஜிங்க் மாத்திரை. நிறைய பேர் இதை விட்டுர்றாங்க. ஆறு மாசத்துக்கு மேல உள்ள பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 20 மில்லிகிராம், ரெண்டுல இருந்து ஆறு மாசம்னா 10, ஒரு ஸ்பூன் தாய்ப்பால்லயோ ஆற வச்ச தண்ணியிலயோ கரைச்சு. பேதி மூணாவது நாளே நின்னாலும் 14 நாளும் குடுக்கணும். பேதி சீக்கிரம் நிக்கிறது ஒரு பக்கம், அடுத்த ரெண்டு மூணு மாசத்துக்கு மறுபடி வர்றதும் குறையும். சுகாதார நிலையத்துல இலவசம்.

எப்ப வீட்டு வைத்தியத்தை மூட்டை கட்டிட்டு ஓடணும்? மலத்துல ரத்தம், குடிக்கிறது எல்லாம் வாந்தி, ஆறு மணி நேரமா சிறுநீர் இல்ல, கண்ணு குழி விழுந்திருக்கு, துவண்டு கிடக்கு, குடிக்கவே மாட்டேங்குது, காய்ச்சல் அடிக்குது. ரெண்டு மாசத்துக்கு கீழ இருக்கிற குழந்தைன்னா இதுல எதுக்காகவும் காத்திருக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரி.

கேள்வி: மெடிக்கல்ல ஓஆர்எஸ் கேட்டா ஆரஞ்சு கலர்ல ஜூஸ் மாதிரி ஒரு டெட்ரா பாக்கெட் குடுத்தாங்க. பிள்ளை ருசியா குடிச்சுது, ஆனா பேதி இன்னும் கூடிருச்சு. ஓஆர்எஸ் ஒத்துக்கலையா?
(திருச்சி வாசகர்)

பதில்: நீங்க குடுத்தது ஓஆர்எஸ்ஸே இல்ல தம்பி. சரியான ஓஆர்எஸ்ல ஒரு லிட்டர் தண்ணிக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9 கிராம், 2002ல இருந்து உலகம் பூரா இதான் கணக்கு. பேர்ல மட்டும் ஓஆர்எஸ் வச்சுக்கிட்டு சர்க்கரையை பல மடங்கு போட்ட ஜூஸ் டப்பா ரொம்ப வருஷமா மெடிக்கல் ஷாப்லயே வித்துக்கிட்டு இருந்துச்சு. அளவுக்கு மீறின சர்க்கரை குடலுக்குள்ள போனா அது தண்ணியை உறிஞ்ச விடாது, உடம்புல இருக்கிறதையும் இழுத்து வெளிய விடும். ஹைதராபாத் குழந்தை டாக்டர் சிவரஞ்சனி சந்தோஷ் வருஷக்கணக்கா இதுக்காக போராடுனாங்க, 2025 அக்டோபர்லதான் எஃப்எஸ்எஸ்ஏஐங்கிற மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், இந்த கணக்குல இல்லாத எந்த பானத்து பேர்லயும் ஓஆர்எஸ்ங்கிற வார்த்தை வரக் கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. ஆனாலும் பேரை மட்டும் பாத்து வாங்காதீங்க, உலக சுகாதார நிறுவன ஃபார்முலான்னு போட்டிருக்கா, உள்ள என்ன எவ்ளோன்னு கிராம் கணக்கு இருக்கான்னு பாருங்க.

பவுடர் பாக்கெட் வாங்குறவங்களும் தப்பு பண்றாங்க. 21 கிராம் பாக்கெட் ஒரு லிட்டருக்கு, நாலு கிராம் சொச்சம் இருக்கிற குட்டி பாக்கெட் 200 மில்லிக்கு. பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளர்ல கொட்டி குடுத்தா உப்பு ஏறி பிள்ளைக்கு வலிப்பே வரலாம். இன்னொரு கூட்டம் இருக்கு, பாக்கெட்டை கிழிச்சு வச்சுக்கிட்டு அப்பப்ப ரெண்டு சிட்டிகை போட்டு கலக்குறது. உள்ள உப்பும் குளுக்கோஸும் ஒரே மாதிரி கலந்து இருக்காதே, ஒரு சிட்டிகையில உப்பு கூடும், ஒண்ணுல குறையும். முழுசா கொட்டுங்க, முழு லிட்டர் தண்ணியில, மூடி வைங்க, 24 மணி நேரம் ஆனா மிச்சத்தை கீழ ஊத்திட்டு புதுசு. கலக்குனதை மறுபடி சுட வைக்கவும் கூடாது.

பாக்கெட் இல்லாத ராத்திரிக்கு வீட்லயே பண்ணலாம்: ஒரு லிட்டர் கொதிச்சு ஆறுன தண்ணி, தலை தட்டுன டீஸ்பூன்ல 6 சர்க்கரை, அரை டீஸ்பூன் தூள் உப்பு. தலை தட்டுனதுன்னா நிஜமாவே விரலால வழிச்சு விடணும், குமிச்சு அள்ளுனா ஒண்ணு ஒண்ணரை ஆயிரும். ஸ்பூன்லயும் கவனம், 5 மில்லி ஸ்பூனா இருக்கணும், அஞ்சறைப் பெட்டிக்குள்ள கிடக்கிற குட்டி ஸ்பூன் வேற, குழம்பு ஊத்துற கரண்டி வேற. கல் உப்புல அளவு சரியா வராது, பொடிச்சுக்கங்க. குடுக்கிறதுக்கு முன்னாடி நீங்க ஒரு வாய் குடிச்சுப் பாருங்க, கண்ணீரை விட கரிச்சா கீழ கொட்டிருங்க. இதுல பொட்டாசியம் கிடையாது, அதுக்கு வாழைப்பழமோ கொஞ்சம் இளநீரோ சேத்துக்கங்க.

கேள்வி: எங்க பாட்டி கோவம் வந்தா "பேதியில போறவனே"ன்னு திட்டும். எத்தனையோ நோய் இருக்க அதை ஏன் சாபமா வச்சாங்க?
(கோவில்பட்டி வாசகர்)

பதில்: எனக்கு பிடிச்ச கேள்வி. அது காலரா காலத்து வார்த்தை தம்பி. வாந்தி பேதின்னு சொல்லுவாங்க, காலையில வயல்ல நின்ன மனுஷன் சாயங்காலம் இல்ல. ஒரே நாள்ல அத்தனை தண்ணி போயிரும், ஊரு ஊரா காலி பண்ணிட்டு ஓடியிருக்காங்க. அதை விட பெரிய சாபம் அந்தக் கிழவிகளுக்குத் தெரியல.

ஆனா அந்த சாபத்தோட பல்லைப் புடுங்குனது உப்பும் சர்க்கரையும்தான். 1971ல வங்காளதேசப் போர் அப்ப லட்சக்கணக்குல அகதிங்க மேற்கு வங்கத்துக்கு வந்தாங்க, எல்லைகிட்ட பன்காவ்ன்னு ஒரு ஊரு, அங்க முகாம்ல காலரா. ஆஸ்பத்திரி தரை பூரா நோயாளி, வாந்தியும் பேதியும் மிதிக்காம நடக்க முடியாத நிலைமை, ஏத்துறதுக்கு இருந்த சலைன் தீந்து போச்சு. திலீப் மகலனபிஸ்ங்கிற கல்கத்தா டாக்டர் வேற வழி இல்லாம, லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், மூணரை கிராம் உப்பு, ரெண்டரை கிராம் சமையல் சோடான்னு கலந்து டிரம்ல நிரப்பி வச்சு, கூட வந்த சொந்தக்காரங்களையே டம்ளர்ல மோந்து குடுக்கச் சொல்லிட்டாரு. நூத்துல முப்பது பேர் கணக்குல செத்துக்கிட்டு இருந்த முகாம்ல அது மூணரைக்கு இறங்குச்சு. குடல்ல குளுக்கோஸும் உப்பும் ஜோடியா போனா ரெண்டையும் உள்ள எடுத்துக்கிற ஒரு வழி இருக்கு, காலரா வந்தாலும் அந்த வழி கெடுறதில்ல, ரெண்டும் போனா தண்ணி தானா பின்னாடியே போயிரும், இதான் சூட்சுமம். வெறும் உப்புத் தண்ணியோ வெறும் சர்க்கரைத் தண்ணியோ இந்த வேலையைச் செய்யாது. 1978ல லான்செட் மருத்துவ இதழ், இந்த நூற்றாண்டோட ரொம்ப முக்கியமான மருத்துவ முன்னேற்றம் இதுவா இருக்கலாம்னு எழுதுச்சு. மகலனபிஸ் 2022ல காலமாயிட்டாரு, பத்ம விபூஷண் குடுத்தது 2023ல, அவர் போன பின்னாடி. நம்ம ஊரு வழக்கம்.

கேள்வி: மாதுளம் தோல், கொய்யாக் கொழுந்து, வெந்தய மோர், கட்டஞ்சாயால (பால் ஊத்தாத டீ) எலுமிச்சை, வாழைக்காய்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. இதுல எது நிஜமா வேலை செய்யும், எது சும்மா?
(நாகர்கோவில் வாசகி)

பதில்: எல்லாமே சும்மா இல்ல, எதுவும் ஓஆர்எஸ்ஸுக்கு பதிலும் இல்ல. இதை மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

என் முதல் ஓட்டு கஞ்சிக்கு. புழுங்கலரிசி நொய்யை நல்லா குழைய வேக வச்சு, தண்ணியா கரைச்சு, உப்பு போட்டு. அரிசி மாவுச்சத்து குடல்ல மெதுவா குளுக்கோஸா பிரியும், ஒவ்வொண்ணும் உப்பை கூட்டிக்கிட்டு உள்ள போகும், மேல சொன்ன அதே ஜோடிக் கதைதான். டாக்கால இருக்கிற வயித்துப்போக்கு ஆராய்ச்சி ஆஸ்பத்திரி அரிசி மாவை வச்சே ஓஆர்எஸ் பண்ணிப் பாத்திருக்கு, காலராவுக்கு அது நல்லாவே கேட்டுச்சு. ஆனா உப்பில்லாத கஞ்சி குடுத்து பிரயோஜனம் இல்ல, நம்ம வீடுகள்ல காய்ச்சல்காரனுக்கு உப்பு ஆகாதுன்னு ஒரு பழக்கம் இருக்கு பாருங்க, அதை இங்க கொண்டு வராதீங்க.

வாழைக்காய்க்கும் அதே டாக்கால ஆதாரம் இருக்கு. 2001ல வெளிவந்த ஆய்வு, ரெண்டு வாரத்துக்கு மேல பேதி நிக்காத பிள்ளைங்களுக்கு வேக வச்ச வாழைக்காயை சாதத்தோட மசிச்சு குடுத்தாங்க, குடுக்காத பிள்ளைங்களை விட சீக்கிரம் தேறுச்சு. வாழைக்காய் மாவு சிறுகுடல்ல செரிக்காம பெருங்குடலுக்குப் போகும், அங்க இருக்கிற நல்ல பாக்டீரியா அதை புளிக்க வைக்கும், அதுல வர்ற அமிலம் பெருங்குடலை உப்பும் தண்ணியும் உறிஞ்ச வைக்கும். எண்ணெய்ல வறுத்து மொளகாத்தூள் தூவுனா கணக்குல சேராது, சொல்லிட்டேன்.

மோர் நல்லது, வெண்ணெய் எடுத்து தண்ணியா உப்பு போட்டு. பேதி அப்ப குடல்ல பால் சர்க்கரையை செரிக்கிற சத்து கொஞ்ச நாளைக்கு குறையும், அதனால சிலருக்கு பால் குடிச்சா வயிறு பொருமி மறுபடி போகும், ஆனா தயிர்ல அந்த சர்க்கரையில ஒரு பங்கை கிருமியே தின்னுட்டதால தாங்கும். வெந்தயத்தை முழுங்குறதை விட ஊற வச்சு அரைச்சு மோர்ல கலந்தா கொழகொழன்னு தண்ணியைப் பிடிச்சுக்கும், பெரியவங்களுக்கு ஒரு டீஸ்பூன் போதும்.

மாதுளம் தோல், கொய்யாக் கொழுந்து, மாம்பருப்பு, சுண்டை வத்தல்ல முதல் மூணும் துவர்ப்பு சமாச்சாரம். அந்தத் துவர்ப்புதான் டானின், குடல் சுவரைக் கொஞ்சம் சுருங்க வைக்கும், போற தடவை குறையும். எங்கம்மா மாதுளம் தோலை வெயில்ல காய வச்சு ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு வச்சிருக்கும், ஒரு துண்டை ரெண்டு டம்ளர் தண்ணியில போட்டு ஒண்ணா வத்துற வரைக்கும் கொதிக்க வச்சு தேன் விட்டு குடுக்கும், வாயே உள்ள இழுத்துக்கும். நானும் குடிச்சிருக்கேன், குணமும் ஆச்சு, ஆனா சாதாரணப் பேதி ரெண்டு மூணு நாள்ல தானாவே நிக்கும்ங்கிறதையும் நேர்மையா சொல்லணும்ல. பெரியவங்க குடிங்க, கைக்குழந்தைக்கு வேணாம். சுண்டை வத்தல் பொடி மோர் சாதத்துக்கு ருசி, அது போதும் அதுக்கு.

கட்டஞ்சாயா எலுமிச்சை ஒரு கப்போட நிறுத்துங்க. காபித்தூள்ல எலுமிச்சை பிழிஞ்சு முழுங்குற வைத்தியம் என்னை கேட்டா வேணாம், காஃபின் குடலை இன்னும் விரட்டும். இளநீர்ல பொட்டாசியம் நிறைய, உப்பு கம்மி, ஒரு சிட்டிகை உப்பு போட்டு குடிங்க. சோடா, கோலா, பாக்கெட் ஜூஸ் கிட்ட போகாதீங்க.

கேள்வி: விளக்கெண்ணெய் குடிச்சு வயித்தை சுத்தமா கழுவிட்டா பேதி நின்னுடும்னு எங்க மாமா சொல்றாரு?
(பேர் வேண்டாம்)

பதில்: பேதிக்கு பேதி மருந்தா? மாமாவ முதல்ல குடிக்கச் சொல்லுங்க.

கேள்வி: சென்னையில பேச்சிலர் ரூம் சிஸ்டர். சனிக்கிழமை ராத்திரி கிரில் சிக்கனும் மயோனைஸும் சாப்பிட்டோம், மூணு பேருக்கும் விடியக்காலையில இருந்து வாந்தி, பேதி. மெடிக்கல்ல ஒரு மாத்திரை குடுத்தாங்க, உடனே நின்னுச்சு, ஆனா மறுநாள் வயிறு கல்லு மாதிரி உப்பிக் காய்ச்சல் வந்துருச்சு.

பதில்: அந்த உடனே நிக்க வைக்கிற மாத்திரை லோபரமைடா இருக்கும். அது கிருமியைக் கொல்லாது, குடல் அசைவை மட்டும் நிறுத்தும். பெரியவங்களுக்கு தண்ணியா மட்டும் போகுது, நாளைக்கு டிரெயின் ஏறணும்னா டாக்டரைக் கேட்டு ஒண்ணு போடலாம், தப்பில்ல. ஆனா காய்ச்சலோ ரத்தமோ சீதமோ இருந்தா போடவே கூடாது, குடல் வெளிய தள்ளப் பாக்கிற விஷத்தை உள்ளயே பூட்டி வைக்கிற கதை. பிள்ளைங்களுக்கு நினைச்சும் பாக்காதீங்க. கல்லு மாதிரி உப்பி காய்ச்சலும் இருக்குன்னா இந்தப் பத்திரிகையை மூடி வச்சுட்டு இப்பவே டாக்டரைப் பாருங்க.

நார்ஃப்ளாக்சசின் மெட்ரோனிடசோல்னு ஆன்டிபயாடிக் கவுண்டர்லயே கேட்டு வாங்குறதும் வேணாம். பேதியில பெரும்பாலானது வைரஸ், அதுக்கு ஆன்டிபயாடிக் ஒண்ணும் செய்யாது, குடல்ல இருக்கிற நல்ல பாக்டீரியாவையும் சேத்து அழிச்சு அதனாலயே தனியா ஒரு பேதி வரும். சீதபேதி, காலரா மாதிரி சிலதுக்குத்தான் தேவை, அதை டாக்டர் சொல்லட்டும்.

மயோனைஸ் விஷயம், பச்சை முட்டையை அடிச்சுப் பண்றது அது, சால்மொனெல்லாங்கிற கிருமிக்கு சொந்த வீடு மாதிரி. 2025 ஏப்ரல்ல தமிழ்நாடு அரசு பச்சை முட்டை மயோனைஸுக்கு ஒரு வருஷம் தடையே போட்டுச்சு. ஒரு சின்ன கணக்கு வச்சுக்கங்க, சாப்பிட்டு ஒரு மணியில இருந்து ஆறு மணி நேரத்துக்குள்ள வாந்தி பிச்சுக்கிட்டு வந்தா பெரும்பாலும் ஏற்கனவே சாப்பாட்டுல உருவாகியிருந்த விஷம், அது சூடு பண்ணுனாலும் போகாது, ஆனா ஒரு நாள்ல அடங்கும். அதுக்கு மேல லேட்டா வந்து காய்ச்சலோட இழுத்தா கிருமியே உள்ள போயி பெருகுதுன்னு அர்த்தம். ராத்திரி மிஞ்சுன ஃப்ரைட் ரைஸை வெளியவே வச்சிருந்து காலையில சூடு பண்ணி சாப்பிடுறதும் இதே கதைதான், அரிசியில இருக்கிற ஒரு பாக்டீரியா வெளிய கிடக்கிற சோத்துல விஷத்தை விட்டுட்டுப் போயிருக்கும்.

கேள்வி: எனக்கு 62 வயசு, சுகர், பிரஷர் ரெண்டும் இருக்கு. வயித்தால போனா ஓஆர்எஸ் குடிக்கலாமா? அதுல சர்க்கரையும் உப்பும் இருக்கே.
(சேலம் வாசகர்)

பதில்: குடிக்கலாம் ஐயா, குடிக்கணும். ஒரு லிட்டர் முழுசா குடிச்சாலும் குளுக்கோஸ் 13.5 கிராம்தான், அந்த உப்பும் வெளிய போனதை ஈடுகட்டத்தான். சுகர் இருக்குன்னு சர்க்கரை இல்லாம கலந்து குடிக்கிறவங்களைப் பாத்திருக்கேன், சர்க்கரை இல்லன்னா உப்பு உள்ள ஏறாது. இதய பலவீனம், கிட்னி பிரச்சனை இருந்தா மட்டும் எவ்ளோ குடிக்கலாம்னு டாக்டர்கிட்ட அளவு கேட்டுக்கங்க.

அதை விட முக்கியம் மாத்திரை. நீர் பிரியிற மாத்திரை, சில பிரஷர் மாத்திரை, மெட்ஃபார்மின், சுகரை சிறுநீர்ல வெளியேத்துற புது மாத்திரை, இதெல்லாம் உடம்பு வத்தியிருக்கும் போது போட்டா கிட்னியைப் பாதிக்கலாம். எதை ரெண்டு நாள் நிறுத்தணும்னு உங்க டாக்டருக்கு ஒரு போன் போடுங்க, நீங்களா முடிவு பண்ண வேணாம், இன்சுலினை மட்டும் தானா நிறுத்தவே கூடாது. மெட்ஃபார்மின் புதுசா ஆரம்பிச்ச பின்னாடிதான் வயிறு கலங்குதுன்னா மாத்திரையே காரணமா இருக்கலாம், சாப்பாட்டோட சேத்து போடுறது, மெதுவா கரையிற வகைக்கு மாத்துறதுன்னு வழி இருக்கு. சுகர் ஃப்ரீ மிட்டாய், சுயிங்கம் நிறைய சாப்பிடுவீங்களா? அதுல போடுற சார்பிட்டாலும் பேதி மருந்து மாதிரிதான்.

கேள்வி: ரெண்டு வருஷமா சாப்பிட்டு எந்திரிச்சதும் பாத்ரூம். இன்டர்வியூ, பரிட்சைன்னா நாலு தடவை. மத்தபடி நல்லா இருக்கேன்.
(மதுரை இளைஞர்)

பதில்: ராத்திரி தூக்கத்துல எழுப்பி போக வைக்குதா? எடை குறையுதா? ரத்தம் போகுதா? மூணுக்கும் இல்லன்னா பெரும்பாலும் ஐபிஎஸ், அதாவது குடல் எரிச்சல்னு சொல்ற வகை, குடலும் மூளையும் எப்பவும் பேசிக்கிட்டே இருக்கும், நீ பயந்தா அதுவும் பயப்படும். ஒருக்க டாக்டர்கிட்ட காட்டி உறுதி பண்ணிக்கோ, அப்புறம் பால் டீ எத்தனை, எந்த சாப்பாட்டுக்கு அடுத்து வருதுன்னு ரெண்டு வாரம் ஒரு நோட்டுல எழுது.

கேள்வி: எங்க தெருவுல ஒரே வாரத்துல பன்னெண்டு வீட்ல பேதி. குழாய்த் தண்ணியில லேசா நாத்தம். என்ன பண்ணலாம்?
(கடலோர ஊர் வாசகி)

பதில்: இதுக்கு மாதுளம் தோல் பத்தாதும்மா, இது சாக்கடையும் குடிதண்ணி பைப்பும் எங்கயோ சேருற கேஸ் மாதிரி இருக்கு. ஒரே தெருவுல நாலு வீட்டுக்கு மேல ஒரே வாரத்துல வந்தா உடனே சுகாதார நிலையத்துலயும் நகராட்சியிலயும் சொல்லுங்க, தண்ணியை எடுத்து டெஸ்ட் பண்ணுவாங்க. 2022 ஜூலையில காரைக்கால்ல காலரா பரவி பொது சுகாதார அவசரநிலையே அறிவிச்சாங்க, பழைய காலத்து நோய்னு யாரும் அசந்துராதீங்க. 1992ல ஓ139ன்னு காலராவுல ஒரு புது வகை முதல் முதல்ல தலை காட்டுன ஊர்கள்ல நம்ம மெட்ராஸும் ஒண்ணு.

அதுவரைக்கும் குடிக்கிற தண்ணி, பல்லு விளக்குற தண்ணி எல்லாத்தையும் தளதளன்னு ஒரு நிமிஷமாவது கொதிக்க விடுங்க, லேசா ஆவி வந்ததும் இறக்குறது கணக்கு இல்ல. கொதிச்சதை மூடி வச்சு நீளக் கரண்டியால மோளுங்க, கையை விட்டு டம்ளரை முக்குனா அந்தக் கையில இருக்கிறது தண்ணிக்குப் போயிரும். பிள்ளைக்கு கால் கழுவி விட்ட கையை சோப்பு போட்டு கழுவுங்க, பச்சைப் பிள்ளை மலம் சுத்தம்னு நினைக்கிற வீடு இன்னும் இருக்கு, அதுலயும் கிருமி அதே கிருமிதான். கைக்குழந்தை இருந்தா ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து போட்டாச்சான்னு அட்டையைப் பாருங்க, 6, 10, 14 வாரத்துல வாயில விடுறது, 2017ல இருந்து நம்ம மாநிலத்துல இலவசமா குடுக்கிறாங்க. தண்ணிக் கிருமி எல்லாத்தையும் அது தடுக்காது, ஆனா சின்னப் பிள்ளைங்களைப் படுக்கப் போடுறதுல பெரிய கை அந்த வைரஸோடது.

கேள்வி: என் பேத்திக்கு மூணு வயசு, ரெண்டு தடவைதான் தண்ணியா போனா. ஓஆர்எஸ் வாயில வச்சா துப்புறா, ஆரஞ்சு ஜூஸ் கலந்து குடுக்கலாமா?
(பொள்ளாச்சி பாட்டி)

பதில்: ஜூஸ் கலக்காதீங்கம்மா, அளவே மாறிப் போயிரும். வேணும்னா ஃப்ரிட்ஜ்ல கொஞ்ச நேரம் வச்சு ஜில்லுனு குடுத்துப் பாருங்க, ருசி அவ்வளவா தெரியாது. நான் வார்டுல பாத்தது ஒண்ணு சொல்றேன், நிஜமா தண்ணி வத்துன பிள்ளை அந்தக் கரிப்புத் தண்ணியை டம்ளரைப் பிடுங்கிக் குடிக்கும், வத்தாத பிள்ளைதான் துப்பும். விளையாடிக்கிட்டு, வழக்கம் போல ஒண்ணுக்கு போயிக்கிட்டு துப்புனான்னா உப்புக் கஞ்சியும் மோரும் குடுத்துக்கிட்டு இருங்க. துவண்டு போயி படுத்துக்கிட்டு துப்புனான்னா உடனே தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு கிளம்புங்க.